சிறையில் இருப்பவருக்கு விருப்பமின்றி மனநல மருந்து தரலாமா? குடும்பத்தினருக்கும் புதிய வழக்கறிஞர்களுக்கும் ஒரு வழிகாட்டி

சிறைக்குள் இருக்கும் ஒருவருக்கு மனநோய் என்று தெரியவந்தால் வெளியே இருக்கும் குடும்பத்துக்கு இரண்டு அச்சங்கள் வருகின்றன. மருந்தே கொடுக்காமல் விட்டுவிடுவார்களோ என்பது ஒன்று. கையையும் காலையும் பிடித்து ஊசி போட்டு, எந்நேரமும் அரைமயக்கத்திலேயே வைத்திருப்பார்களோ என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான அச்சங்களே. இக்கட்டுரை பெரும்பாலும் இரண்டாவது அச்சத்தைப் பற்றியது. கைதி வேண்டாம் என்று சொல்லும்போது அவருக்கு மனநல மருந்து கொடுக்கச் சட்டம் எப்போது இடம் தருகிறது, எப்போது தரவில்லை, அதைக் குடும்பத்தினரும் வழக்கறிஞரும் எந்த வரிசையில் சரிபார்க்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. இப்பொருளை இணையத்தில் தேடுபவர்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்க விதிகள். அங்கே 1990-இல் வாஷிங்டன் எதிர் ஹார்ப்பர் வழக்கில், கடும் மனநோய் உள்ள கைதி தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவராக இருந்து, மருந்து அவருடைய மருத்துவ நலனுக்கும் உகந்ததாக இருந்தால், சிறைக்குள்ளேயே அமைந்த ஒரு குழுவின் முடிவின்படி கட்டாயமாக மருந்து கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003-இல் செல் (Sell) என்பவரின் வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரை விசாரணைக்குத் தகுதியாக்குவதற்காக எப்போது கட்டாய மருந்து தரலாம் என்பதற்குத் தனி நிபந்தனைகள் வகுக்கப்பட்டன. இவை நம் நாட்டுச் சிறைகளைக் கட்டுப்படுத்துவதில்லை. இந்தியாவில் பொருந்துவது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அது 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அடிப்படையை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

சிறை அதிகாரி தம் பொறுப்பில் கைதிக்கு மருந்து திணிக்கலாம் என்று சொல்லும் பிரிவு எதுவும் இச்சட்டத்தில் இல்லை. கைதிகளைப் பற்றிப் பேசும் 103-ஆவது பிரிவு, அவர்களைச் சிகிச்சைக்கு உரிய இடத்துக்கு மாற்றுவதையும் அங்கே சேர்ப்பதையும் பற்றியே பேசுகிறது. ஆகவே மருந்துக்கான ஒப்புதல் என்று வரும்போது, வெளியே இருக்கும் ஒருவருக்குப் பொருந்தும் பொதுவிதிகளே கைதிக்கும் பொருந்தும் என்றே நான் இச்சட்டத்தைப் படிக்கிறேன். தண்டனை அவருடைய நடமாடும் உரிமையைப் பறிக்கிறது. தன் உடலுக்குள் எது செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை அது தானாகப் பறித்துவிடுவதில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளின் 32-ஆவது விதியும், கைதியின் உடல்நலம் குறித்து அவருடைய தன்னுரிமையையும் ஒப்புதலையும் மருத்துவர்கள் மதிக்க வேண்டும் என்கிறது.

நம் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி, மனநோய் உள்ளவர் உட்பட ஒவ்வொருவரும் தம் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் உடையவராகவே கருதப்பட வேண்டும். சிகிச்சை பற்றிய தகவலைப் புரிந்துகொள்கிறாரா, முடிவின் விளைவை உணர்கிறாரா, தம் முடிவைப் பேச்சாலோ சைகையாலோ வேறு எவ்வகையிலோ தெரிவிக்கிறாரா என்பவையே அளவுகோல்கள். அவர் எடுத்த முடிவு மருத்துவருக்கோ குடும்பத்துக்கோ தவறாகத் தோன்றுகிறது என்பது மட்டுமே திறன் இல்லை என்பதற்குச் சான்றாகாது. கேஸ் ஷீட்டில் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதியிருப்பதைப் பலர் திறனின்மைக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒத்துழையாமை வேறு, திறனின்மை வேறு. திறன் சோதிக்கப்பட்டிருந்தால் என்ன கேட்டார்கள், அவர் என்ன பதில் சொன்னார், யார் எப்போது மதிப்பிட்டார்கள் என்பது பதிவில் இருக்க வேண்டும்.

ஒப்புதல் என்பதற்கும் சட்டம் கறாரான பொருள் தருகிறது. வற்புறுத்தல், மிரட்டல், ஏமாற்று, தவறான தகவல் ஆகியவை இல்லாமல், மருந்தின் நன்மை, தீமை, மாற்றுவழிகள் அனைத்தையும் அவருக்குப் புரியும் மொழியில் சொன்ன பிறகு, குறிப்பிட்ட அந்தச் சிகிச்சைக்கு அவர் தருவதே ஒப்புதல். ‘மாத்திரை போடாவிட்டால் மனு (உறவினர் சந்திப்பு) கட்’ என்று சொல்லி வாங்கிய தலையசைப்பு ஒப்புதல் ஆகாது. சாப்பாட்டிலோ டீயிலோ கலந்து கொடுப்பதும் ஆகாது. இதைச் சில சமயம் குடும்பத்தினரே பாசத்தால் கேட்டுக்கொள்வதுண்டு, தயவுசெய்து கேட்காதீர்கள். ஒருமுறை கலப்படம் தெரிந்துவிட்டால், அவர் மருந்தை மட்டுமல்ல, சிறைச் சாப்பாட்டையே மறுக்கத் தொடங்கலாம்.

முதல் படி: அவர் எங்கே இருக்கிறார் என்று கண்டறியுங்கள்

எல்லாக் கேள்விக்கும் விடை இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. அவர் சாதாரணச் செல்லில் இருக்கிறாரா, சிறை மருத்துவமனையில் இருக்கிறாரா, சிறையின் மருத்துவப் பிரிவுக்குள் இருக்கும் மனநல வார்டில் இருக்கிறாரா, அல்லது சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் போன்ற வெளி மருத்துவமனைக்கு வழிக்காவலோடு அனுப்பப்பட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவுக்குள் மனநல நிறுவனம் அமைக்கப்பட்டு, அது முறைப்படி பதிவு செய்யப்பட வேண்டும் என்று 103-ஆவது பிரிவு சொல்கிறது. பதிவு என்பதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். ஒருவருடைய விருப்பத்துக்கு மாறாக அவரைச் சேர்த்துத் தொடர் சிகிச்சை தரும் அதிகாரம் பதிவு பெற்ற மனநல நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. சாதாரணச் சிறை மருத்துவமனையில், கைதியின் ஒப்புதலோடு சிகிச்சை தரலாம், அல்லது அவசரநிலையில் தரலாம். அவ்வளவுதான்.

இரண்டாம் படி: எந்த உத்தரவின்பேரில் இருக்கிறார்?

தண்டனைக் கைதியாக இருந்தால், 1900-ஆம் ஆண்டின் கைதிகள் சட்டம் 30-ஆவது பிரிவின்படி மாநில அரசு அவரை மாற்ற உத்தரவிடலாம். விசாரணைக் கைதியாக இருந்தால் நீதிமன்றமே உத்தரவிடும். குற்றம் சாட்டப்பட்டவர் தம் தரப்பை எடுத்துச்சொல்ல இயலாத மனநிலையில் இருப்பதாகத் தோன்றினால் என்ன செய்ய வேண்டும் என்பதை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367 முதல் 378 வரையிலான பிரிவுகள் கூறுகின்றன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இவை 328 முதல் 339 வரை இருந்தன. மனநல வார்டு இல்லாத சிறையிலிருந்து வெளி மனநல நிறுவனத்துக்கு மாற்ற, மனநல மறுஆய்வு வாரியத்தின் (இச்சட்டத்தின்கீழ் சேர்க்கை, சிகிச்சை குறித்த மனுக்களை விசாரிக்கும் அமைப்பு; ஏழாம் படியில் விவரம்) முன்அனுமதியும் தேவை.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ‘கோர்ட் ஆர்டர் இருக்கிறது, அதனால் ஊசி போடுகிறோம்’ என்று சொன்னால் பலர் அத்தோடு அமைதியாகிவிடுகிறார்கள். அந்த உத்தரவின் நகலை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். 103-ஆவது பிரிவின்படி அந்த உத்தரவு சேர்க்கைக்குப் போதுமான அதிகாரம். எந்த மருந்து, எவ்வளவு, அவர் மறுத்தால் என்ன என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லையென்றால், அந்தக் கேள்விகள் ஒப்புதல் விதிகளின்படியே தீர்க்கப்பட வேண்டும்.

மூன்றாம் படி: அவசரநிலை என்று சொன்னால் அளந்து பாருங்கள்

94-ஆவது பிரிவின்படி பதிவு பெற்ற மருத்துவர் எவரும் அவசர மனநலச் சிகிச்சை தரலாம். நோயாளியின் உயிருக்கோ, மீட்க முடியாதபடி அவர் உடல்நலத்துக்கோ வரும் கேட்டைத் தடுக்கவும், அவர் தமக்கோ பிறருக்கோ கடும் தீங்கு செய்வதைத் தடுக்கவும், மனநோயால் நேரடியாக எழும் நடத்தையால் பொருள்களுக்குக் கடும் சேதம் ஏற்படுவதைத் தடுக்கவும் மட்டுமே இந்த அதிகாரம். நியமிக்கப்பட்ட பிரதிநிதி (நோயாளி தம் சார்பில் பேச நியமித்தவர்; ஐந்தாம் படியில் விவரம்) கிடைக்கக்கூடிய நிலையில் இருந்தால் அவருடைய ஒப்புதலையும் பெற வேண்டும். இச்சிகிச்சை 72 மணி நேரம் வரை, அல்லது மனநல நிறுவனத்தில் அவர் பரிசோதிக்கப்படும் வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை மட்டுமே செல்லும். மின்அதிர்வுச் சிகிச்சையை அவசரச் சிகிச்சையாகத் தரவே கூடாது. அவசரநிலைக்கு நேரடித் தொடர்பில்லாத எந்தச் சிகிச்சையையும் இப்பிரிவைக் காட்டித் தர முடியாது.

இந்தக் கடைசி நிபந்தனையை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். இரவில் ஒருவர் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறார். மருத்துவர் ஹாலோபெரிடால், புரோமெத்தசின் ஊசிகளைப் போடுகிறார். அவை விரைவாக வேலை செய்பவை, அந்த நேரத்து ஆபத்தைத் தணிப்பவை. 94-ஆவது பிரிவுக்குள் இவை அடங்கும். மறுநாள் அவர் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, ‘இனி மாத்திரை தகராறே வேண்டாம்’ என்று ஃப்ளுஃபெனசின் டெக்கனோயேட் போன்ற டெப்போ ஊசியைப் போட்டால் அது வேறு கதை. எண்ணெயில் கரைத்துத் தசையில் போடப்படும் அந்த மருந்து இரண்டு முதல் நான்கு வாரம் வரை உடலில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். பக்கவிளைவு வந்தால் திரும்ப எடுக்கவும் வழியில்லை. மூன்று நாள் அதிகாரத்தைக் கொண்டு ஒரு மாத மருந்தைச் செலுத்துவதை அவசரச் சிகிச்சை என்று ஏற்க எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. ஆகவே ஊசி போட்டார்கள் என்று கேள்விப்பட்டால், ஊசியின் பெயரைக் கேளுங்கள். அந்தப் பெயரே பாதி விடையைச் சொல்லிவிடும்.

நான்காம் படி: ஆதரவுடன் கூடிய சேர்க்கை முறையாக நடந்ததா?

அவசரநிலை தாண்டியும் விருப்பமின்றி மருந்து தொடர்கிறது என்றால், 89-ஆவது பிரிவின் நடைமுறை பின்பற்றப்பட்டிருக்க வேண்டும். முடிவெடுக்கப் பிறரின் மிகுந்த ஆதரவு தேவைப்படும் ஒருவரைப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின்பேரில் சேர்ப்பதே ஆதரவுடன் கூடிய சேர்க்கை. சேர்த்த நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாள்களிலோ இருவர் அவரைத் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். ஒருவர் மனநல மருத்துவர். மற்றவர் மனநல வல்லுநராகவோ மருத்துவராகவோ இருக்கலாம். தமக்குத் தீங்கு செய்துகொள்ள அண்மையில் முயன்றார் அல்லது மிரட்டினார், பிறரிடம் வன்முறையாக நடந்தார், அல்லது தம்மைப் பேணிக்கொள்ள இயலாமல் ஆபத்தில் இருக்கிறார் என்று இருவரும் தனித்தனியே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். நியமிக்கப்பட்ட பிரதிநிதியின் விண்ணப்பம் இருக்க வேண்டும். இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வழி இல்லை என்பதும் தெளிவாக வேண்டும்.

இச்சேர்க்கை 30 நாள் வரை மட்டுமே. சேர்த்த ஏழு நாள்களுக்குள், பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் மூன்று நாள்களுக்குள், வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஏறக்குறைய முழு ஆதரவும் தேவைப்படும் நிலையில் அவர் இருந்தால் மட்டும், பிரதிநிதி அவர் சார்பில் தற்காலிகமாக ஒப்புதல் தரலாம். அப்போதும் அவருடைய திறனை ஏழு நாளுக்கொருமுறை மறுபடி மதிப்பிட வேண்டும். ஒரு வாரம் மருந்து சாப்பிட்டபின் தெளிவாகப் பேசத் தொடங்கிவிட்டார் என்றால், அன்று முதல் கேட்க வேண்டியது அவரைத்தான். 30 நாளுக்கு மேல் வைத்திருக்க 90-ஆவது பிரிவின்படி இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

ஐந்தாம் படி: வெள்ளைத்தாளில் ஒரு நியமனம்

மேலே பல இடங்களில் நியமிக்கப்பட்ட பிரதிநிதி வருகிறார். 14-ஆவது பிரிவின்படி, வயது வந்த எவரும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ இட்டு ஒருவரை நியமிக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம். நியமிக்கப்படுபவரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். நியமனம் இல்லாவிட்டால், முன்விருப்ப ஆவணத்தில் குறிப்பிடப்பட்டவர், உறவினர், பராமரிப்பவர், வாரியம் நியமிப்பவர் என்ற வரிசையில் சட்டமே ஒருவரைக் காட்டுகிறது. ஆனால் நடைமுறையில், மனு பார்க்க வந்த அக்காவிடம் ‘நோயாளியின் விவரம் ரகசியம்’ என்று சொல்லித் திருப்பி அனுப்புவது எளிது. கையில் நியமனக் கடிதம் உள்ள அக்காவைத் திருப்பி அனுப்புவது கடினம். அவர் தெளிவாக இருக்கும் நாளில், சிறைச் சட்ட உதவி மையத்துக்கு வரும் வழக்கறிஞர் அல்லது சட்டத் தன்னார்வலர் மூலம் இதை எழுதி வாங்கி, ஒரு நகலைச் சிறைக் கண்காணிப்பாளரிடமும் மற்றொன்றைச் சிறை மருத்துவரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கிவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு செய்யலாம். இதை முதலில் செய்யுங்கள்.

அதே நாளில் முன்விருப்ப ஆவணத்தையும் யோசிக்கலாம். திறன் இழக்கும் காலத்தில் தமக்கு எப்படிச் சிகிச்சை தரப்பட வேண்டும், எப்படித் தரப்படக் கூடாது என்பதை 5-ஆவது பிரிவின்படி முன்னதாகவே எழுதி வைக்கும் ஆவணம் அது. ‘முன்பு ஹாலோபெரிடால் போட்டபோது கழுத்து இழுத்துக்கொண்டது, அதைத் தவிர்க்கவும்’ என்பது போன்ற ஒரு வரி மருத்துவருக்கும் உதவும். அதை மீற விரும்பும் மருத்துவரோ உறவினரோ வாரியத்தை அணுக வேண்டும். அவசரச் சிகிச்சைக்கு மட்டும் இந்த ஆவணம் பொருந்தாது.

ஆறாம் படி: ஏன் மறுக்கிறார் என்று கேளுங்கள்

சட்டத்தைப் பேசும் அவசரத்தில் இது விடுபட்டுவிடுகிறது. சிறையில் மாத்திரை கொடுக்கும் விதத்தை நினைத்துப் பாருங்கள். வரிசையில் நிற்க வேண்டும், எல்லோர் முன்பும் விழுங்க வேண்டும், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். பக்கத்துக் கைதிகள் வைக்கும் பட்டப்பெயருக்கு அஞ்சியே மறுப்பவர்கள் உண்டு. இரவில் அசந்து தூங்கிவிட்டால் தம்மைக் காத்துக்கொள்ள முடியாதே என்று பயப்படுபவர்களும் உண்டு. உட்கார முடியாத, நிற்க முடியாத இருப்புக்கொள்ளாமை, கைநடுக்கம், கண் மேலே சொருகுதல், எச்சில் வழிதல் போன்ற பக்கவிளைவுகளால் மறுப்பவர்கள் பலர். இவற்றில் பலவற்றுக்கு அளவைக் குறைத்தோ, மருந்தை மாற்றியோ, ட்ரைஹெக்சிஃபெனிடில் போன்ற துணை மாத்திரை கொடுத்தோ தீர்வு காணலாம். கடும் காய்ச்சலோடு உடல் விறைத்து, நினைவும் தடுமாறினால், அது உயிருக்கு ஆபத்தான பக்கவிளைவாக இருக்கக்கூடும். உடனே பொது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லக் கோருங்கள். மறுப்பின் காரணத்தை மருத்துவரிடம் எழுத்தில் கொடுத்தாலே பாதிப் பூசல்கள் வாரியம் வரை போகாமல் தீர்ந்துவிடும்.

மருந்து தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறையை ஈடுகட்டவோ கொடுக்கப்படுகிறது என்ற ஐயம் எழுந்தால், தேதிகளை ஒப்பிடுங்கள். சிறைக் காவலரோடு வாக்குவாதம் நடந்த நாளும் மருந்தின் அளவு கூட்டப்பட்ட நாளும் ஒன்றாக இருந்து, அன்று மருத்துவப் பரிசோதனைக் குறிப்பு இல்லையென்றால், அது கேள்வி கேட்கப்பட வேண்டிய ஊசி. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 95-ஆவது பிரிவு எந்த வடிவிலும் தடை செய்கிறது. தனியறையில் அடைப்பதை 97-ஆவது பிரிவு தடை செய்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவதையும் உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, பதிவு செய்து, மிகக் குறைந்த நேரத்துக்கே அனுமதிக்கிறது.

ஏழாம் படி: வாரியத்துக்கு மனு

மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள ஒருவர் தலைவர். ஆட்சியரின் பிரதிநிதி, ஒரு மனநல மருத்துவர், ஒரு மருத்துவர், மேலும் மனநோயை அனுபவித்தவர்கள், பராமரிப்பவர்கள் அல்லது தொண்டு அமைப்புகளிலிருந்து இருவர் உறுப்பினர்கள். கைதியோ, பிரதிநிதியோ, கைதியின் சம்மதத்தோடு பதிவு பெற்ற தொண்டு நிறுவனமோ மனு செய்யலாம். கட்டணம் இல்லை. மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்:

“என் தம்பி இன்ன சிறையில் விசாரணைக் கைதியாக உள்ளார். நான் அவருடைய நியமிக்கப்பட்ட பிரதிநிதி. நியமனக் கடிதம் இணைப்பில் உள்ளது. இன்ன தேதி முதல் அவருடைய ஒப்புதலின்றி ஊசி மருந்து செலுத்தப்படுவதாக நேர்காணலின்போது தெரிவித்தார். அவருடைய முடிவெடுக்கும் திறன் மதிப்பிடப்பட்டதற்கான பதிவு எங்களுக்குக் காட்டப்படவில்லை. சேர்க்கை மற்றும் சிகிச்சைப் பதிவேடுகளை வரவழைத்து ஆய்வு செய்யவும், சிகிச்சை நிறுவனத்தைச் சாராத மனநல மருத்துவர் ஒருவரைக் கொண்டு பரிசோதிக்கவும், அதுவரை டெப்போ ஊசியைத் தொடராதிருக்க உத்தரவிடவும் வேண்டுகிறேன்.”

கடைசி வேண்டுகோளை டெப்போ ஊசியோடு நிறுத்தியிருப்பதைக் கவனியுங்கள். மருந்தையே முழுதாக நிறுத்தும்படி கேட்காதீர்கள். பல மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் நோய் கடுமையாகத் திரும்பும்.

89-ஆவது பிரிவின்கீழ் நடந்த சேர்க்கையை எதிர்க்கும் மனுவை வாரியம் ஏழு நாளில் முடிக்க வேண்டும். 90-ஆவது பிரிவுச் சேர்க்கைக்கு 21 நாள், மற்ற மனுக்களுக்கு 90 நாள். விசாரணை மூடிய அறையில் நடக்கும். முடிவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். காவலில் இருப்பவர் அனைவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற எண்ணையோ அணுகுங்கள். மருத்துவ ஐயங்களுக்கு டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் இருக்கிறது.

சேர்த்தபின் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்

மனநல நிறுவனத்தில் வைக்கப்பட்ட கைதியின் உடல், மனநிலை குறித்து ஆறு மாதத்துக்கொருமுறை, உத்தரவிட்ட அதிகாரிக்குச் சிறப்பு அறிக்கை போக வேண்டும். சிறை மருத்துவரும் காலாண்டுதோறும் வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மனநோய் உள்ள ஒருவர் ஏன் சிகிச்சைக்கு மாற்றப்படாமல் சிறையிலேயே இருக்கிறார் என்று வாரியம் நேரில் வந்து கேட்கலாம். இந்த அறிக்கைகளின் நகலைத் தேதி வைத்துக் கேட்டு வாங்குங்கள். அசாமில் 1951-இல் கைதான ஒருவர், விசாரணையே முடியாமல், மனநல மருத்துவமனையிலும் சிறையிலுமாக 54 ஆண்டுகள் கழித்து 2005-இல்தான் விடுதலையானார். அவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

விடுதலையாகும் நாளில், சிறை வாசலிலேயே மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு, வெளி மருத்துவரைப் பார்க்கும் வரை போதுமான மாத்திரைகள், கடைசியாக டெப்போ ஊசி போட்ட தேதி. அடுத்த ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் தம் ஊர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருத்துவரோடு பேசித் தாமே முடிவு செய்வார்.